திட்ட விலக்கம்

காலை ஒன்பது பத்துக்கு வந்த மின்னஞ்சலில்
இரண்டே வரி:
பங்கேற்பாளர் ஒருவர் ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறார்.
காரணம் கேட்கத் தேவையில்லை.

அடியில் ஓர் எண்.
பெயரை எனக்கு யாரும் தந்ததில்லை.
அது வேறு கட்டடத்தில்
வேறொருவரின் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது.
ஆனால் 0638-ஐ எனக்குத் தெரியும்.

பதினோராம் குரோமோசோமில் ஓரிடத்தில்
ஓர் எழுத்து விடுபட்டிருக்கும் அவருக்கு.
முப்பது முறை படித்ததில் பதினான்கு முறை இல்லை.
அம்மா வழியோ அப்பா வழியோ
ஒரு பக்கத்துப் பிழை.
முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு என் கையை.
மூன்றாம் தடவையும் அப்படியே வந்த வெள்ளி இரவு
ஆளில்லாத ஐந்தாம் மாடியில்
எழுந்து நின்று கைதட்டினேன்.
ரத்தத்தில் கொழுப்பு அநியாயத்துக்குக் குறைவு.
தினம் மூன்று வேளை நாசி லெமாக் தின்றாலும்
ஒட்டாத உடம்பு.
எங்கள் வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் மேகமாய்த் திரண்டிருக்க
இடது மூலையில் தனியாக நின்றவர்.

பேராசிரியர் தியோ திரையைவிட்டுத் திரும்பவில்லை.
"எடுத்துவிடு" என்றார்.
கட்டுரை என்னாவது என்றேன்.
"ரத்தம் அவருடையதுதானே."

எங்கள் உறைபெட்டிகளுக்குப் பழப் பெயர்கள்:
துரியான், ரம்புத்தான், டுக்கு.
டுக்குவில் நான்காம் அடுக்கு, பதினேழாம் பெட்டி.
அழிப்பதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதால்
ஹஃபீஸா சாட்சிக்கு வந்தாள்,
பாதி கடித்த எபோக் எபோக்கை மேசையில் வைத்துவிட்டு.
மைனஸ் எண்பதின் புகை முகத்தில் அடித்தது.
சுண்டுவிரலில் பாதி இருக்கும் குழாய்.
பெருவிரலால் பனியைத் துடைத்தேன்,
எண் தெரிந்தது.
அவள் படித்தாள், நான் படித்தேன்,
இருவரும் எழுதினோம்.
பெட்டியின் குழியை எட்டிப் பார்த்து
"கொசோங்" என்றாள்.
கோப்பிக் கடையில் தினமும் சொல்கிற சொல்தான்.

நூற்று இருபத்தோரு டிகிரி, முப்பது நிமிடம்.
அதற்குள் கோப்புகள்.
கணினி உறுதியா என்று கேட்டது.
ஆம் என்றேன்.
நகல்களுக்கும் கேட்டது.
நூற்றுப் பன்னிரண்டு ஜிகாபைட்
ஒரு தும்மல் நேரத்தில் போயிற்று.

வரைபடத்தை மறுபடி ஓட்டினேன்.
தொள்ளாயிரத்துப் பதினோரு பேர்.
மூலை காலி.
சிதறல் சுருங்கி அழகாகக்கூட ஆகிவிட்டது,
மதிப்பாய்வாளர்களுக்குப் பிடிக்கும்.
திட்ட விலக்கம் குறைந்திருக்கிறது
என்று வாய்விட்டுச் சொன்னேன் போல.
என்ன மொழி என்றாள் ஹஃபீஸா.

துறையூர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் படித்த சொல்.
இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடத்தில்
ஒருநாளும் தேவைப்படவில்லை.
சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறோம்
என்பதன் அளவு, அவ்வளவுதான்.
ஒருவர் ஒரு திட்டத்திலிருந்து விலகுவது
என்றும் அதைப் படிக்கலாம் என
இன்றுதான் தெரிகிறது.
சொல்லைச் செய்தவர்
இதை நினைத்திருக்க மாட்டார்.

காப்புறுதிக்காரன் ஏதாவது கேட்டிருப்பானோ.
வீட்டில் சண்டையோ.
ஊசி போட்ட இடம் நாலு நாள் வலித்திருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்,
சில நாள் எனக்கே
எந்தப் பட்டியலிலும் இருக்கப் பிடிக்காது.

மாலை 95-இல் இடம் கிடைத்தது.
யாரையும் அப்படிப் பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
முன்னூறு கோடி எழுத்தைச் சுமந்துகொண்டு
கைப்பேசியில் மீன் பிடிக்கும் பையன்.
வேலையிடக் காலணியோடு தூங்குகிறவர்.
பக்கத்தில் ஒல்லியாக ஒருவர்,
மடியில் எண்ணெய் ஊறிய பழுப்புப் பொட்டலம்.
கோழி இறக்கை வாசம்.
ஆறு துண்டாவது இருக்கும்.

கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.
அவர் தலையசைத்தார்.
போனவிஸ்தாவுக்கு ஒரு நிறுத்தம் முன்பே
மணியை அழுத்தி இறங்கிப்போனார்
மழையில், குடையில்லாமல்.

காரணம் எனக்கு எதற்கு.